கல்லாற்று மழையில் தூத்துக்குடி மக்ரூன்

தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டுத் திரும்புகிறவர் கையில் மக்ரூன் பொட்டலம் இல்லாவிட்டால் வீட்டில் கேள்வி வரும். திருவனந்தபுரம் நகரத்தோடு பயணம் முடிகிறவர்களுக்குத் தொல்லையில்லை. நெடுமங்காடு, விதுரா தாண்டிப் பொன்முடிச் சாலையில் சுமார் 45 கிலோமீட்டர் போய்க் கல்லாற்றில் இறங்குகிறவர் பாடுதான் திண்டாட்டம். பொட்டலத்தைப் பிரித்து வைத்து ஒரு மழை பெய்தால் போதும். வாயில் போட்டதும் பொடிந்து கரைய வேண்டிய பண்டம், பசைபோல் விரலில் ஒட்டும்.

இது பேக்கரிக்காரரின் குற்றமல்ல. தூத்துக்குடி மக்ரூன் என்பது முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்த நுரை. அதில் முந்திரிப்பருப்புத் தூளைக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்துகிறார்கள். சீனிக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. தூத்துக்குடி வெயிலில் தாக்குப்பிடிப்பது, ஆறும் காடும் சூழ்ந்து, எடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் நனையும் கல்லாற்றில் தாக்குப்பிடிக்குமா? வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று இறங்கினாலும் மழைநாளில் அது உலர மறுக்கும். அண்டிப்பருப்பு விற்கிற விலையில், ஒரு தட்டு வீணானால் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது சிறிய நஷ்டமல்ல.

இதற்கு வழி தேங்காய். தேங்காய் மக்ரூனை இரண்டாந்தரம் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இந்தப் பண்டம் பாதாம் பருப்பில் பிறந்தது. தூத்துக்குடியில் பாதாமின் இடத்தை முந்திரி பிடித்தது. அந்த முந்திரி மரமும் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையிலிருந்து துருவி உலர்த்திய தேங்காய் கப்பலேறத் தொடங்கிய பிறகு, இங்கிலாந்து, அமெரிக்க வீடுகளில் தேங்காய் மக்ரூன் பரவியது. ஆக, கிடைத்த பருப்பைப் போட்டுச் செய்வதே இதன் வழக்கம்.

தேங்காயில் இன்னொரு சௌகரியம்: உள்ளே ஈரமாக இருப்பதே அதற்கு ருசி. மழை அதை அவ்வளவாகக் கெடுக்காது.

இரண்டு முட்டை வெள்ளைக்கருவுக்கு 100 கிராம் சீனி, பச்சைத் தேங்காய்த் துருவல் 250 கிராம். பழுப்புத் தோல் விழாமல் வெள்ளையை மட்டும் துருவ வேண்டும். பச்சைத் துருவலில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதனால் சிறு தீயில், நிறம் மாறாமல், உதிரியாகும்வரை வறட்டி ஆறவிட வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். கொப்பரை உதவாது, எண்ணெய் வாடை தூக்கும்.

பாத்திரத்தில் எண்ணெய்ப் பசையோ, வெள்ளையில் துளி மஞ்சள் கருவோ இருந்தால் நுரை எழும்பாது. சில சொட்டு எலுமிச்சைச்சாறு விட்டு அடித்து, சீனியைப் பொடித்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். நுரை மலைபோல் நிற்க வேண்டுமென்பதில்லை. பளபளப்பாகக் கெட்டிப்பட்டால் போதும், துருவல் தாங்கிக்கொள்ளும். ஒரு சிட்டிகை உப்பும் ஏலப்பொடியும் சேர்த்து, துருவலைக் கிளறிச் சிறு உருண்டைகளாக வைக்க வேண்டும்.

அவன் இல்லாத வீட்டில் அடிகனமான பழைய பாத்திரம் ஒன்று போதும். (நல்ல குக்கரை இதற்குப் பலி கொடுக்க வேண்டாம்.) அடியில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து மூடி, பத்து நிமிஷம் காய விட வேண்டும். பிறகு எண்ணெய் தடவிய தட்டில் உருண்டைகளை அடுக்கி உள்ளே வைத்து, சிறு தீயில் 25 முதல் 30 நிமிஷம். அடிப்பாகம் பொன்னிறமானால் பதம். மேலே அவ்வளவாகச் சிவக்காது, அதைப் பார்த்துத் தீயைக் கூட்டினால் அடி கருகிவிடும். சூட்டோடு பெயர்த்தால் உடையும், ஆறட்டும்.

ஆறியபின் எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடினால் இரண்டு மூன்று நாள் இருக்கும், குழந்தைகள் விட்டுவைத்தால். மிஞ்சிய மஞ்சள் கருவை அன்றைய முட்டைத் தோசையில் ஊற்றிவிடலாம்.