மக்காச்சோளமா, பருத்தியா? எக்ஸெல்லில் ஒரு விதைப்புக் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோர் மனதிலும் ஒரு கேள்வி எழும். "படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், லெட்டர் அடிக்கலாம். அதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?" 2025ஆம் ஆண்டு ஆவணி மாதம் எங்கள் கீழக்குயில்குடி வீட்டுக்கு வந்திருந்த என் தாய்மாமாவும் இதையேதான் கேட்டார்.

மாமாவுக்குக் கள்ளிக்குடிப் பக்கம் நான்கு ஏக்கர் மானாவாரிக் கரிசல் நிலம். புரட்டாசி மழைக்கு மக்காச்சோளம் போடுவதா, பருத்தி போடுவதா என்று குழம்பிக் கொண்டிருந்தார். விதைக்கும் உரத்துக்கும் அத்தையின் நகையை அடகு வைத்திருந்தார். கணக்குத் தப்பினால் நகை திரும்பாது.

"மாப்ள, மக்காச்சோளம் குவிண்டால் ரெண்டாயிரத்துச் சொச்சம். பருத்தி ஏழாயிரத்துக்கு மேல. மூணு மடங்கு வெல. பருத்தி போடுறதுதான சரி?" என்றார்.

"வாங்க மாமா, கம்ப்யூட்டரிடமே கேட்போம்" என்று எக்ஸெல்லைத் திறந்தேன். அன்று போட்ட கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் ஃபார்முலா ஒன்றுதான்.

விலை விகிதம் என்றால் என்ன?

ஒரு பயிரின் விலையை மற்றொரு பயிரின் விலையால் வகுத்தால் கிடைப்பதுதான் விலை விகிதம். அமெரிக்க விவசாயிகள் மக்காச்சோளத்தையும் சோயாபீன்ஸையும் இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். விதைப்புக்கு முன்பே, அறுவடைக் காலத்துக்கான முன்பேர விலை சிகாகோ சந்தையில் தெரிந்துவிடும். 2025 பிப்ரவரியில் சராசரியாக ஒரு புஷல் சோயா 10.54 டாலர், மக்காச்சோளம் 4.70 டாலர். வகுத்தால் 2.24. அதற்கு முந்தைய ஆண்டு இதே மாதத்தில் 11.55ஐ 4.66ஆல் வகுக்க 2.48 கிடைத்தது. விகிதம் 2.4ஐ ஒட்டி இருந்தால் இரண்டும் சமம், கூடினால் சோயா, குறைந்தால் மக்காச்சோளம் என்பது அங்கே ஒரு தோராயக் கணக்கு. அதன்படியே 2024இல் சுமார் 9 கோடி ஏக்கராக இருந்த அமெரிக்க மக்காச்சோளப் பரப்பு, 2025இல் 9.5 கோடி ஏக்கரைத் தாண்டியது.

ஆனால் அந்த 2.4 என்பது அவர்கள் ஊர் மகசூலுக்கும் அவர்கள் ஊர் செலவுக்கும் பொருந்தும் எண். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. உங்கள் நிலத்துக்கான எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

ஒர்க்‌ஷீட்டைத் தயார் செய்யுங்கள்

செல் பெயர்களை இங்கே தமிழில் கொடுத்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். ஏ என்னும் நெட்டு வரிசையில் தலைப்புகள், பி வரிசையில் மக்காச்சோளம், சி வரிசையில் பருத்தி.

வரிசை 1: பயிரின் பெயர். பி1இல் மக்காச்சோளம், சி1இல் பருத்தி
வரிசை 2: ஏக்கருக்கு மகசூல், குவிண்டாலில். பி2இல் 15, சி2இல் 5
வரிசை 3: குவிண்டால் விலை. பி3இல் 2400, சி3இல் 7710
வரிசை 4: ஏக்கருக்குச் செலவு. பி4இல் 20000, சி4இல் 26000

விலைக்கு 2025-26ஆம் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலையைப் போட்டோம். மக்காச்சோளத்துக்கு 2400 ரூபாய், நடுத்தர இழைப் பருத்திக்கு 7710 ரூபாய். (நீண்ட இழைப் பருத்திக்கு 8110 ரூபாய்.) மகசூலும் செலவும் மாமா தன் நோட்டைப் பார்த்துச் சொன்னவை. நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பருத்திக்குச் செலவு ஏன் அதிகம் என்றால், பல முறை ஆள் விட்டுப் பருத்தி எடுக்க வேண்டும். எடுப்புக் கூலியே பெரிய செலவு. வீட்டு ஆட்கள் வேலை செய்தாலும் அதற்கும் கூலி போட மறக்காதீர்கள்.

இனி ஃபார்முலாக்கள். எல்லா ஃபார்முலாவும் சமக்குறியில்தான் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றையும் அடித்து முடித்ததும் என்டர் கீயைத் தட்டுங்கள்.

வரிசை 5, மொத்த வரவு: பி5இல் =பி2*பி3, சி5இல் =சி2*சி3
வரிசை 6, மிச்சம்: பி6இல் =பி5-பி4, சி6இல் =சி5-சி4
வரிசை 7, வித்தியாசம்: பி7இல் =பி6-சி6
வரிசை 8, விலை விகிதம்: பி8இல் =சி3/பி3
வரிசை 9, சமநிலை விகிதம்: பி9இல் =(பி6+சி4)/சி2/பி3

திரையில் வந்த விடை

மொத்த வரவில் மக்காச்சோளம் 36,000 ரூபாய், பருத்தி 38,550 ரூபாய். மாமா முகத்தில் சிரிப்பு. அடுத்த வரிசையைப் பார்த்ததும் அது மறைந்தது. செலவு போக மிச்சம் மக்காச்சோளத்தில் 16,000, பருத்தியில் 12,550. பருத்தியை விட மக்காச்சோளத்தில் ஏக்கருக்கு 3,450 ரூபாய் அதிகம்.

எட்டாவது வரிசையில் விலை விகிதம் 3.21 என்று வந்தது. மாமா சொன்ன மூன்று மடங்கு சரிதான். ஆனால் ஒன்பதாவது வரிசையில் 3.5 என்று வந்தது. பருத்தி விலை மக்காச்சோள விலையைப் போல மூன்றரை மடங்கு, அதாவது 8,400 ரூபாய் இருந்தால்தான் இரண்டு பயிரிலும் மிச்சம் சமமாகும் என்பது இதன் பொருள். அதற்கு மேல் போனால் பருத்தி, கீழே இருந்தால் மக்காச்சோளம். எட்டாவது வரிசையையும் ஒன்பதாவது வரிசையையும் ஒப்பிடுவதுதான் இந்தக் கணக்கின் சாரம்.

எண்களை மாற்றிப் பாருங்கள்

பேப்பரில் போட்டாலும் இதே விடை வரும். ஆனால் ஒரு எண் மாறினால் பேப்பரில் எல்லாவற்றையும் அடித்துத் திருத்த வேண்டும். எக்ஸெல்லில் ஒரு செல்லை மாற்றினால் மீதி எல்லாம் தானாக மாறும்.

2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கன் படைப்புழு அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைப் பதம் பார்த்தது. அதை நினைத்து பி2இல் 15ஐ அழித்துவிட்டு 12 என்று அடித்தேன். மக்காச்சோள மிச்சம் 8,800 ஆகக் குறைந்தது. சமநிலை விகிதம் 2.9 ஆனது. இப்போது பருத்திதான் மேல்!

மீண்டும் 15 போட்டுவிட்டு, பி3இல் விலையை 2000 ஆக்கினேன். மக்காச்சோள மிச்சம் 10,000. இதிலும் பருத்தியே முந்துகிறது. ஆதரவு விலை என்று அறிவிக்கப்பட்ட தொகை வியாபாரியிடம் அப்படியே கிடைத்துவிடும் என்று நம்ப முடியாது என்பதால், இந்தச் சோதனை மிக அவசியம்.

கோல் சீக்: பின்னோக்கிக் கேட்கும் வித்தை

"எத்தனை மூட்டை வரைக்கும் கொறஞ்சா தாங்கும்?" என்று மாமா கேட்டார். இதற்கு எக்ஸெல்லில் கோல் சீக் என்ற வசதி இருக்கிறது. முதலில் பி2, பி3 செல்களில் பழைய எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு டேட்டா டேபில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்பதைக் கிளிக் செய்து, கோல் சீக்கைத் தேர்ந்தெடுங்கள். (கால்க்கில் டூல்ஸ் மெனுவில் இருக்கும்.) சிறிய டயலாக் பாக்ஸ் தோன்றும். செட் செல் என்ற இடத்தில் பி7, டு வேல்யூ என்ற இடத்தில் 0, பை சேஞ்சிங் செல் என்ற இடத்தில் பி2 என்று அடித்து ஓகே கொடுங்கள். "வித்தியாசம் பூஜ்யமாக வேண்டும் என்றால் மகசூல் எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று கேட்கிறோம். விடை 13.56 குவிண்டால். மாமாவின் மக்காச்சோளம் ஏக்கருக்குப் பதிமூன்றரைக் குவிண்டாலுக்குக் கீழே போனால் பருத்தியே மேல்.

எங்கே தவறு நேரும்?

முதலாவது, அலகு. ஒரு செல்லில் கிலோ விலையும் மற்றதில் குவிண்டால் விலையும் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். பத்திரிகைகளில் 'கண்டி' என்று வருவது 356 கிலோ பஞ்சின் விலை. அது கொட்டை நீக்கிய பஞ்சு. நாம் விற்பதோ கொட்டையோடு சேர்ந்த பருத்தி. அந்த விலையை இங்கே போடக் கூடாது.

இரண்டாவது, காலம். விதைக்கும் நாளின் விலை நமக்குக் கிடைக்கப் போவதில்லை. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் தை, மாசியில் வீட்டுக்கு வரும். பருத்தி எடுப்பு அதற்குப் பிறகும் தொடரும். இடையில் எதுவும் நடக்கலாம். மாமா வந்திருந்த அதே ஆகஸ்ட் மாதம் 19ஆம் தேதி, இறக்குமதிப் பஞ்சு மீதான 11 சதவீத வரியை மத்திய அரசு தற்காலிகமாக நீக்கியது. பிறகு அந்தச் சலுகை 2025 டிசம்பர் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. வெளிநாட்டுப் பஞ்சு மலிவாக வந்தால் உள்ளூர் விலை அழுத்தப்படும். மக்காச்சோளத்துக்கோ நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத் தேவையும், எத்தனால் ஆலைகளின் தேவையும் விலையை ஏற்றி இறக்கும்.

எனவே ஒரே ஒரு விலையை நம்பாமல் நல்ல விலை, சுமாரான விலை, மோசமான விலை என மூன்றையும் போட்டுப் பாருங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன் பல பயிர்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. மத்திய அரசின் அக்மார்க்நெட் இணையதளத்தில் பழைய சந்தை விலைகளைத் தேடி எடுக்கலாம். திருமங்கலம் போன்ற ஊர்களில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் விசாரிக்கலாம்.

மாமா எடுத்த முடிவு

13.56 என்ற எண்ணை மாமா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் நோட்டைப் புரட்டினார். "அஞ்சு வருசத்துல மூணு வருசம் இதுக்கு மேல எடுத்திருக்கேன். ரெண்டு வருசம் எடுக்கல. ஒண்ணையே நம்பக் கூடாது மாப்ள" என்றார். இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளம், ஒன்றரை ஏக்கரில் பருத்தி என்று முடிவானது. இந்தப் பிரிவினையைக் கம்ப்யூட்டர் சொல்லவில்லை. அது மாமாவின் முடிவு. எந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் கம்ப்யூட்டர் காட்டியது.

ஃபைலை 'விதைப்பு 2025' என்ற பெயரில் சேவ் செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அறுவடை முடிந்ததும் எடைச்சீட்டில் உள்ள எடையையும் கைக்கு வந்த விலையையும் பக்கத்து நெட்டு வரிசைகளில் எழுதி வையுங்கள். நாலைந்து ஆண்டுகள் இப்படிச் சேர்ந்தால், உங்கள் நிலத்தின் சமநிலை விகிதம் உங்களுக்கே அத்துப்படியாகிவிடும்.