முதலில் தமிழில் யோசிக்கட்டும்

மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "டீச்சர், வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசட்டுமா?" வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு இங்கிலீஷ் நன்றாக வரவேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொல்கிறேன்.

ஆங்கில வழியில் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், ஒளிச்சேர்க்கைக்கான விடையை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். "சரிடா, செடிக்குச் சாப்பாடு எங்கேயிருந்து வருது?" என்றேன்.

"மண்ணுலேர்ந்து, டீச்சர்."

பிறகு தமிழிலேயே பேசினோம். வேர் வழியே தண்ணீர் ஏறுகிறது, இலை வழியே காற்று நுழைகிறது, வெயில் பட்டால் இலையே சமைத்துக்கொள்கிறது என்று ஒவ்வொன்றாக அவன் வாயாலேயே வரவழைத்தேன். சட்டென்று கேட்டான்: "அப்போ இலையெல்லாம் கொட்டிப்போன வாதாமரம் என்ன சாப்பிடும்?" தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைத்தான். ஆனால் இந்தக் கேள்வி அவனுக்கு இங்கிலீஷில் எழுந்திருக்காது. காரணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகும் அளவுக்கு அந்த மொழி இன்னும் அவன் வசப்படவில்லை.

கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். கூட விளையாடும் பிள்ளைகளோடு பேசும் ஆங்கிலம் சுமார் 2 ஆண்டில் வந்துவிடும். பாடத்தைப் புரிந்து எழுதும் ஆங்கிலத்துக்கு 5 முதல் 7 ஆண்டுகளாவது ஆகும். பேச்சின் சரளத்தைக் கண்டு பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். சொந்த மொழியில் வாசிக்கவும் காரணம் சொல்லவும் பழகிய பிள்ளை, அந்தத் திறனை அடுத்த மொழிக்கும் கொண்டுபோகிறது என்கிறார் அவர்.

நைஜீரியாவில் இதைச் செய்தே பார்த்தார்கள். 1970-ல் இஃபே நகரில் பேராசிரியர் பாப்ஸ் ஃபஃபுன்வா தொடங்கிய திட்டம் அது. ஒரு பிரிவுக்கு 6 ஆண்டும் தாய்மொழியான யொரூபாவில் பாடம். இன்னொரு பிரிவு வழக்கம்போல் 3 ஆண்டுக்குப் பின் ஆங்கில வழிக்கு மாறியது. கணக்குக்கும் அறிவியலுக்கும் யொரூபாவில் புத்தகங்களையே புதிதாக எழுதவேண்டியிருந்தது. (நமக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை, கல்லூரிப் பாடநூல் வரை தமிழில் உண்டு.) யொரூபாப் பிரிவு பாடங்களில் முந்தியது, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. பலர் கவனிக்காத செய்தி ஒன்று: அந்தப் பிள்ளைகளும் தொடக்கம் முதலே ஆங்கிலம் படித்தார்கள், தனிப்பாடமாக, அதற்கென்றே அமர்த்திய ஆசிரியரிடம்.

அதனால் அம்மாக்களிடம் சொல்கிறேன்: இங்கிலீஷை எங்களிடம் விடுங்கள். இரவில் ஒரு தமிழ்க் கதை வாசித்துக் காட்டுங்கள். ரசம் எப்படி வைப்பது, வகுப்பில் சண்டை ஏன் வந்தது என்று பிள்ளையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லவிடுங்கள். திணறினால் உடனே சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள்.