பெற்றோரை முதியோர் குடியிருப்புக்கு அனுப்பும் முன்…

அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் ஆவடித் தொழிற்சாலைகளையும் நம்பி வந்து, மனை வாங்கி வீடு கட்டிய தலைமுறைக்கு இன்று எழுபது வயது கடந்துவிட்டது. பிள்ளைகள் வளைகுடாவில். இரவில் மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆளில்லை. "வீட்டை விற்றுவிட்டுக் கோவையில் ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போய்விடுங்கள் அத்தா" என்ற பேச்சு இப்போது நம் வீடுகளிலும் கேட்கிறது. இது மார்க்கத்தில் கூடுமா?

திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 23ஆம் வசனம், முதுமையடைந்த பெற்றோர் நம்மிடத்தில் இருக்கும் நிலையைப் பற்றியே பேசுகிறது. சலிப்பான ஒரு சொல்லையும் அது தடுக்கிறது. எனவே பிள்ளையின் வீடுதான் அவர்களுக்கு முதல் இடம். ஆனால், அவர்களே மனமுவந்து வேறிடம் விரும்பினால் அதில் தவறில்லை. வற்புறுத்தி அனுப்புவதுதான் பாவம். பணம் கட்டிவிட்டதால் பிள்ளையின் கடமை தீர்ந்துவிடாது.

முடிவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

1. வீட்டை விற்காதீர்கள். முதலில் இரண்டு மாதம் வாடகைக்குத் தங்கிப் பார்க்கட்டும்.

2. நடக்கும் தூரத்தில் பள்ளிவாசல் உண்டா? ஹலால் உணவு கிடைக்குமா? மௌத்தானால் ஜனாஸாவை முன்நின்று நடத்தும் ஜமாஅத் உண்டா? கோவை இங்கிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர்.

3. கட்டும் பணம் சொந்தப் பத்திரத்துக்கா, வாழ்நாள் தங்கலுக்கான வைப்புத் தொகைக்கா? பின்னதாயின், அவர்களுக்குப் பின் வாரிசுகளுக்கு எவ்வளவு திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். படுக்கையில் விழுந்தால் பராமரிப்பது யார் என்பதும் எழுத்தில் வேண்டும்.

4. பிள்ளை பெயருக்கு ஹிபாவாக வீட்டை எழுதிக் கொடுக்கும் பெற்றோர், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கட்டும். பிள்ளை கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். உதவிக்கு, முதியோருக்கான 14567 என்ற எண்ணை அழைக்கலாம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மஹல்லாவில் தனித்திருக்கும் முதியவர்களின் பட்டியலை எடுங்கள். வாரம் ஒருமுறை இளைஞர்கள் போய் நலம் விசாரித்தாலே, ஊரை விட்டுப் போகும் தேவை பலருக்கு வராது. அல்லாஹ் நம் பெற்றோருக்கு நிம்மதியான முதுமையைத் தருவானாக!