கூரை நிறமும் வீட்டின் வெப்பமும்

கூரையின் நிறம் வீட்டின் உள்வெப்பத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகும். வெளிர்நிறக் கூரை சூரிய ஒளியின் பெரும்பகுதியை எதிரொளிக்கிறது. அடர்நிறக் கூரை அதனை உட்கவர்ந்து சூடாகிறது. சூரிய ஒளியில் 80 விழுக்காட்டை எதிரொளிக்கும் வெள்ளைக் கூரையின் மேற்பரப்பு, 20 விழுக்காட்டை மட்டுமே எதிரொளிக்கும் சாம்பல்நிறக் கூரையைவிடக் கோடைப் பிற்பகலில் ஏறத்தாழ 30 பாகை செல்சியசு குறைவாகச் சூடாகும்.

வெப்ப நாடுகளுக்கு வெளிர்நிறமே ஏற்றது. காங்கிரீட்டுத் தளம் பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில் அறைக்குள் விடுவதால் உறக்கம் கெடுகிறது. குளிரூட்டி இல்லாத தகரக் கூரை வீடுகளில் வெள்ளை பூசுவது செலவு குறைந்த பாதுகாப்பாகும். வெப்ப அலையால் உயிரிழப்பைச் சந்தித்த அகமதாபாத்து நகரம் 2017 இல் குளிர்கூரைத் திட்டத்தைத் தொடங்கியது. தெலங்காணா அரசு 2023 இல் இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது.

தூசும் பாசியும் படிந்தால் வெண்மையின் பயன் குறையும். எனவே கூரையை அவ்வப்போது கழுவ வேண்டும். நீண்ட குளிர்காலம் கொண்ட நாடுகளில் அடர்நிறம் வெப்பமூட்டும் செலவைச் சற்றே குறைக்கலாம். கூரைக்கடியில் தடித்த வெப்பக்காப்பு இருப்பின் நிறத்தால் விளையும் வேறுபாடு சிறிதாகிவிடும்.