விதி எழுதினவரும் ஆடிப் பார்த்தவரும்

சதுரங்கத்தில் குதிரை எப்படிப் பாயும் என்பதில் ஆட்டக்காரர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டாவதில்லை. ஆனால் 1974-ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரின் பெயரைத் தாங்கி, ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாகப் பத்து டாலர் விலையில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டோ, அதை வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோரை, “எல்லாம் சரி, இதை எப்படித்தான் ஆடுவது?” என்று கேட்க வைத்துவிட்டது. முதலில் அச்சிட்டவை ஆயிரம் பிரதிகள். அவை ஆயிரம் விதமாக ஆடப்பட்டன என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சந்தான் இருக்கும்.

இவ்வகை விளையாட்டை அறியாதவர்களுக்காக அதன் தன்மையை ஒருவாறு சொல்லிவிடுகிறேன். ஒரு மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவர் கதையை நடத்துபவர், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்றவர்கள். “பாழடைந்த கோட்டைக்குள் நுழைகிறீர்கள், இடப்பக்கம் ஒரு கதவு, அதன் பின்னாலிருந்து யாரோ முனகுகிற சப்தம்” என்கிறார் நடத்துபவர். கதவை உடைப்பதா, காது வைத்துக் கேட்பதா, வந்த வழியே திரும்பிவிடுவதா என்பது ஆடுகிறவர்களின் சித்தம். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருள்கிறது. அந்தப் பகடையும் நம் தாயக்கட்டையைப் போல் நீண்டதன்று, இருபது முகங்கள் கொண்ட உருண்டை போன்ற ஒரு விசித்திர வஸ்து. ஜயிப்பவர், தோற்பவர் என்ற பாகுபாடு இதில் கிடையாது. வாரந்தோறும் கூடி, ஒரே கதையை வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

ஆடுகிறவன் என்ன செய்யத் துணிவான் என்பதை முன்கூட்டி அறிய முடியாத ஒரு விளையாட்டுக்கு விதி எழுதப் புகுந்தவன், எவ்வளவு கெட்டிக்காரனானாலும், பாதியைத்தான் எழுத முடியும். மீதிப் பாதியை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எழுதுகிறார்கள். அந்த மூன்று புத்தகங்களும் இந்தக் குறையை மறைக்கவில்லை. சண்டை நடத்துவதற்கு, கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-இல் பிரசுரித்திருந்த ‘செயின்மெயில்’ என்ற பழைய யுத்த விளையாட்டு நூலைப் பார்க்கச் சொல்லின. கடைசிப் பக்கத்திலோ, சந்தேகம் வந்தால் உங்கள் கற்பனைக்குத் தோன்றியபடி நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள் என்ற கருத்தில் ஒரு வார்த்தை வைத்து விடைகொடுத்துவிட்டன. ஆகவே இவ்விளையாட்டின் ரசிகர்கள் தங்களுக்குள் நடத்திய சம்பாஷணையை வெறும் பொழுதுபோக்கு அரட்டை என்று தள்ளுவதற்கில்லை. விளையாட்டின் பெரும்பகுதி அந்தப் பேச்சுக்குள்தான் சிருஷ்டியாயிற்று என்பது என் எண்ணம்.

ஓர் உதாரணம். மூல நூலில் வீரன், மந்திரவாதி, சமயகுரு என்று மூன்றே வகைப் பாத்திரங்கள். கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா நகரத்து ‘ஏரோ ஹாபீஸ்’ கடையில் கூடி ஆடியவர்கள், பூட்டைத் திறக்கவும் பொறியைக் கழற்றவும் நிழலில் பதுங்கவும் வல்ல திருடன் ஒருவன் வேண்டுமென்று கருதி, தாங்களாகவே ஒரு பாத்திர வகையை உண்டாக்கினார்கள். கடையைச் சேர்ந்த கேரி ஸ்விட்சர் அதைக் கைகாக்ஸுக்குச் சொல்ல, அவர் அந்த யோசனையைத் தம் முறையில் எழுதி, அது எங்கிருந்து வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டு, 1974-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு சிறு செய்தி மடலில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே ‘கிரேஹாக்’ என்ற அனுபந்த நூலில் திருடன் நிரந்தர ஆசனம் பெற்றுவிட்டான்.

ஆனால் அவனோடு ஒரு சிக்கலும் உள்ளே புகுந்தது. நிழலில் பதுங்கும் வித்தையில் ஆரம்பத் திருடனுக்கு நூற்றுக்குப் பத்து என்று கணக்கு எழுதியதும், அதுவரையில் யார் வேண்டுமானாலும் “தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்” என்று சொல்லி வந்த மேஜையில், வீரனுக்கு அந்த உரிமை உண்டா இல்லையா என்ற கேள்வி எழுந்தது. ஒருவனுக்கு அளித்த சலுகை, சொல்லாமலே மற்றவர்களுக்குத் தடையாகிவிடுகிறது. இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஓயாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

இத்தகைய விஷயங்களை ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்ள ஒரு திண்ணை வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் நடத்திவந்த ஒரு கூட்டு ஏட்டில் இந்த விளையாட்டைப் பற்றிய பேச்சு மிகுந்து மற்ற விஷயங்களுக்கு இடமில்லாமற் போகவே, லீ கோல்டு என்ற அம்மையார் 1975 ஜூனில் ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்று தனி ஏடு தொடங்கினார். அது பத்திரிகை என்று நாம் வழங்குவதைப் போன்றதன்று. எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தத்தம் பக்கங்களைத் தாமே தயாரித்து அனுப்புவார். வந்தவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி மாதாமாதம் தபாலில் சேர்ப்பது அம்மையாரின் பொறுப்பு. நம் ஊர் இளைஞர்களின் கையெழுத்துப் பத்திரிகையை அறிந்தவர்களுக்கு இதன் ருசி புரியும். ஒருவர் எழுதிய பக்கத்தின் பிற்பாதியில், போன மாதம் எழுதிய இன்னாருக்கு, அதற்கு மேல் எழுதிய இன்னாருக்கு என்று பெயர் சொல்லி விளித்துப் பதில்கள் வரிசையாக இருக்கும். கோபத்தில் எழுத நினைத்ததை அனுப்புவதற்குள் இரண்டு வாரம் கழிந்துவிடும். பதில் கிடைப்பதற்குள் இன்னொரு மாதம். கோபம் ஆறுவதற்குத் தபால் இலாகா செய்த உபகாரம் அற்பமன்று. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்த ஏடு நடந்தது.

பிரயோஜனமான பேச்சு எது என்பதற்கு ‘கொடிய அடி’ என்ற விதியைப் பற்றிய வாதத்தைப் பார்க்கலாம். பகடையில் இருபது விழுந்தால் அடி இரட்டிப்பாக வேண்டும் என்பது பலருடைய ஆசை, எம். ஏ. ஆர். பார்க்கர் 1975-இல் வெளியிட்ட ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ விளையாட்டில் அப்படி ஒரு விதியே இருந்தது. கேட்பதற்கு உற்சாகமாகத்தான் இருக்கிறது. கைகாக்ஸுக்கோ அது பிடிக்கவேயில்லை. அது நல்லதா கெட்டதா என்று கூச்சலிடுவதை விட்டுக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர் பக்கத்திலும் நியாயம் இருப்பது புலப்படும். பகைவனாக வரும் பூதம் ஒரு சண்டையில் தோன்றி அதிலேயே மடிகிறது. நாயகனோ சண்டைக்குப் பின் சண்டையாக அடி வாங்கிக்கொண்டே இருக்கிறான். அவன்மீது இருபது முறை பகடை உருண்டால் ஒரு முறையாவது இருபது விழுவதற்குச் சாத்தியம் நூற்றுக்கு அறுபத்து நான்கு. எனவே நாயகனுக்குக் கொடுத்த வரமாகத் தோன்றுவது, நாளடைவில் அவன் தலைமேலேயே விழும் சாபமாகிறது. அதற்குப் பிறகும், “அந்த அபாயந்தான் எங்களுக்கு வேண்டும்” என்று ஒருவர் சொல்லலாம், அதுவும் நியாயமே. தமக்கு வேண்டியது இன்னதென்று அறிந்து சொல்லுகிறார் அல்லவா?

பேச்சோடு நில்லாமல் புதிய விளையாட்டையே கண்டவர்களும் உண்டு. புத்தகம் புரியவில்லை என்று சலித்துக்கொண்ட கென் செயின்ட் ஆண்ட்ரே, அரிஸோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரிலிருந்து, சாதாரண ஆறு முகப் பகடையே போதுமென்று ‘டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ எழுதினார். ஸ்டீவ் பெரின், சண்டை விதிகளுக்குத் தாம் செய்த திருத்தங்களை 1976-இல் நண்பர்களிடையே பரப்பினார். அவரும் அவருடைய சகாக்களும் இரண்டு ஆண்டில் உருவாக்கிய ‘ரூன்க்வெஸ்ட்’ விளையாட்டில் வீரன், மந்திரவாதி என்ற வகுப்புக்களே இல்லை. எந்த வித்தையைப் பிரயோகித்தானோ அதுவே அவனுக்கு வளரும்.

மூல ஆசிரியரின் மனமும் இரண்டு பட்டது. லீ கோல்டின் ஏட்டுக்கு 1975-இல் எழுதிய கடிதத்தில், தாமும் ஆர்னிசனுமே பல விஷயங்களில் வேறுபடுவதாகவும், இருவர் மேஜையிலும் நடப்பது அச்சிட்ட விதிகளுக்கு ஒத்ததன்று என்றும் கைகாக்ஸ் தாராளமாக ஒப்புக்கொண்டார். சில ஆண்டுகளுக்குள், விளையாட்டு பெருவியாபாரமாகி, ‘அட்வான்ஸ்டு’ என்ற அடைமொழியோடு பெரிய நூல்கள் 1977 முதல் வரத் தொடங்கியபோது, எல்லா ஊரிலும் ஒரே சீராக ஆட வேண்டும் என்பது அவருடைய கட்சியாயிற்று. வியாபாரிக்கு அது அவசியமாக இருந்திருக்கலாம். ஆயினும் முதற் கடிதத்தை எழுதிய மனிதரையே எனக்குப் பிடிக்கிறது.

சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு பெரிய உதவியைச் செய்தவர் பாஸ்டன் வட்டாரத்து கிளென் பிளாகோ. 1980-இல் ‘டிஃபரண்ட் வோர்ல்ட்ஸ்’ பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை, ஆடுகிறவர்களின் ஆசையை நான்காகப் பிரித்தது: பலத்தைப் பெருக்கிக் கொள்வது, பாத்திரமாக வாழ்வது, யுத்த தந்திரத்தில் மகிழ்வது, கதையை வளர்ப்பது. எந்த விதி சிறந்தது என்ற சண்டையில் பாதி, எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதைச் சொல்லாததால் வந்த சண்டை என்பது இதனால் வெளியாயிற்று. ஆனால் மனிதர்கள் கையில் எந்த வகைப்பாடு அகப்பட்டாலும் அது சீக்கிரம் சாதிப் பெயராகிவிடுகிறதே! ஆசையின் பெயராகச் சொன்னது ஆளின் பெயராகி, அவர் அந்த ரகம், இவர் இந்த ரகம் என்று முத்திரை குத்தும் வழக்கமும் கூடவே வந்து சேர்ந்தது.

இன்று இந்த விளையாட்டுக்கு உரிமையுடைய கம்பெனி, அதன் ஐந்தாம் பதிப்பை 2014-இல் வெளியிடுமுன், 2012 முதற்கொண்டு வரைவு விதிகளைப் பொதுமக்களிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொல்லிற்று. பங்கு கொண்டவர்கள் 1,75,000 பேருக்கு மேல் என்பது கம்பெனி சொன்ன கணக்கு. ஆடி முடித்தவர்களுக்குக் கேள்விப் படிவம் வந்தது. இந்த விதி திருப்தியா, பாதித் திருப்தியா, அதிருப்தியா என்று குறித்து அனுப்பினார்கள். அவ்வளவு பேருடைய அபிப்பிராயத்தைத் திரட்ட வேறு மார்க்கம் இல்லைதான். பதிப்பும் நன்றாகவே அமைந்தது. ஆனால் தூணுக்குப் பின்னால் ஒளிய முயன்ற வீரனுக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுத, அடுத்த மாத ஏட்டில் வேறோர் ஊர்க்காரர் அவர் பெயரைச் சொல்லி அழைத்து, “எங்கள் மேஜையில் அது இப்படி நடந்தது” என்று பதில் எழுதுவாரே, அதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.