குளிர்நீர் இயந்திரம் நிற்கும் நேரம்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

‘பராமரிப்புப் பணியின் காரணமாக இன்றிரவு குளிரூட்டல் குறைவாக இருக்கும்’ என்னும் அறிவிப்பைச் சில நாள்களில் வார்டு வாயிலில் ஒட்டி வைக்கிறோம். அதைக் காணும் உடனிருப்போர் பெரும்பாலும் எங்களிடம் கேட்பது ஒரே கேள்வி: “வீட்டு ஏசியைப் போல அணைத்துவிட்டு உடனே போட்டுவிட முடியாதா?” கேள்வி நியாயமானது. மருத்துவமனைக்குக் குளிர் தரும் பெரிய இயந்திரத்தை எவ்வாறு இயக்குகிறோம், எவ்வாறு நிறுத்துகிறோம், அதற்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பொறியியல் பிரிவின் சார்பில் இங்கே விளக்குகிறோம்.

பனிக்கட்டியில் பிறந்த அளவு

வீட்டு ஏசியை ‘ஒன்றரை டன்’ என்கிறோம். இந்த ‘டன்’ இயந்திரத்தின் எடையன்று. ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குமோ, அதுவே ஒரு டன் குளிர்த்திறன். நம் நகரமும் ஒரு காலத்தில் பனிக்கட்டியைக் கொண்டே குளிர்ந்தது. மெரினா கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என அழைக்கப்படும் கட்டடம், 1842-ஆம் ஆண்டில் ஃபிரடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் கட்டிய ‘ஐஸ் ஹவுஸ்’ ஆகும். மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து அங்கே சேமிக்கப்பட்டது. அதே காலத்தில் ஜான் காரி என்னும் மருத்துவர், காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்கும் நோக்குடன் பனிக்கட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை அமைத்து, 1851-இல் காப்புரிமை பெற்றார். நோயாளியின் தேவையிலிருந்தும் வளர்ந்த தொழில்நுட்பம் இது. 200 டன் திறனுள்ள இயந்திரம் ஒன்று, நாள்தோறும் ஏறத்தாழ 1,80,000 கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு ஒப்பான வேலையைச் செய்கிறது.

இயந்திரம் செய்யும் வேலை

‘சில்லர்’ என்று வழங்கும் இவ்வியந்திரம் காற்றை நேரடியாகக் குளிர்விப்பதில்லை, நீரைக் குளிர்விக்கிறது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்ந்த நீர், மூடிய குழாய்களின் வழியே ஒவ்வொரு தளத்துக்கும் சென்று, அங்குள்ள காற்றின் வெப்பத்தை ஏற்று, 12 டிகிரி அளவில் திரும்புகிறது. அவ்வெப்பத்தைக் கம்ப்ரசரும் குளிர்பொருளும் சேர்ந்து வேறொரு நீரோட்டத்துக்கு மாற்றுகின்றன. மொட்டை மாடியிலுள்ள கூலிங் டவர் அதனை வெளிக்காற்றில் விடுகிறது. சில வேளைகளில் அங்கே எழும் வெண்மை புகையன்று. நீராவி குளிர்ந்து உண்டாகும் மென்பனியே.

குளிர்ச்சியைப் போலவே ஈரத்தை அகற்றுவதும் இவ்வியந்திரத்தின் பணி. மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பல வேளைகளில் 70 விழுக்காட்டைத் தாண்டும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்.ஏ.பி.ஹெச். வாரியத்தின் வழிகாட்டுதலோ, அறுவை அரங்கு 18 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பநிலையிலும், 60 விழுக்காட்டுக்கு மேற்படாத ஈரப்பதத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. ஈரம் மிகுந்தால் கிருமி நீக்கிய பொதிகள் நனையக்கூடும். சுவரில் பூஞ்சை படரக்கூடும். ஆகவே, குளிரூட்டலைக் குறைக்க நேரும்போது அறுவை அரங்குக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் முதலிடம் தருகிறோம். வார்டுகளில் நீங்கள் பொறுத்துக்கொள்ளும் புழுக்கத்தின் மறுபக்கம் இதுவே.

தொடக்கத்தில் ஒரு வரிசை

சில்லரை இயக்கும்போது கம்ப்ரசர் கடைசியாகவே தொடங்கும். முதலில் குளிர்நீர் பம்பு, அடுத்துக் கூலிங் டவருக்குச் செல்லும் நீரின் பம்பு, பின்னர் டவரின் விசிறி. இரு நீரோட்டங்களும் போதிய அளவில் ஓடுகின்றன என்று உணர்கருவிகள் உறுதி செய்த பின்னரே கம்ப்ரசருக்கு அனுமதி உண்டு. அதற்கு முன் கம்ப்ரசரின் எண்ணெய் போதிய சூட்டில் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். எண்ணெய் ஆறிப்போனால் குளிர்பொருள் அதில் கரைந்துவிடும். தொடங்கிய கணமே நுரைத்து, உராயும் பகுதிகளுக்கு எண்ணெய் எட்டாமல் போகும். நெடுநேரம் மின்சாரமின்றிக் கிடந்த இயந்திரத்தின் எண்ணெயைச் சூடேற்ற மட்டும் 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம்.

நிறுத்துவதில் அதைவிடக் கவனம்

நிறுத்தும்போது இவ்வரிசை தலைகீழாகிறது. கம்ப்ரசரின் சுமையைப் படிப்படியாகக் குறைத்து, முதலில் அதனை நிறுத்துகிறோம். நீர்ப் பம்புகளை உடனே நிறுத்துவதில்லை. மேலும் சில நிமிடங்கள் ஓடவிடுகிறோம். கம்ப்ரசர் நின்ற பின்னும் உள்ளேயுள்ள குளிர்பொருளின் குளிர்ச்சி உடனே தீர்ந்துவிடாது. அந்நேரத்தில் குழாய்களில் நீர் அசையாமல் நின்றால் உறைந்துவிடக்கூடும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். நிறைய நீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்த கண்ணாடிப் புட்டி வெடிப்பதைப் போலச் செப்புக் குழாய்கள் பிளந்துவிடும். பனியே பெய்யாத சென்னையிலும், பனிக்கட்டியால் ஓர் இயந்திரம் பழுதாகலாம்! பிளவின் வழியே நீர் குளிர்பொருளோடு கலந்துவிட்டால், சில நிமிடப் பொறுமையின்மைக்கு விலையாகப் பல வாரப் பழுதுபார்ப்பு நேரும்.

பம்புகளும் விசிறியும் நின்ற பின்னர், குறுகிய கால நிறுத்தமானால், எண்ணெயைச் சூடாக வைக்கும் மின்சாரத்தை விட்டுவைக்கிறோம். இயந்திரத்தைத் திறந்து பழுதுபார்க்க வேண்டுமானால் முழு மின்சாரத்தையும் துண்டித்து, சுவிட்சுக்குப் பூட்டிட்டு, பணிசெய்பவரின் பெயர்ச்சீட்டைத் தொங்கவிடுகிறோம். சாவி அவரிடமே இருக்கும். வேறு எவரும் திறக்கக் கூடாது. இன்று பெரிய சில்லர்களில் பரவலாகப் பயன்படும் ஆர்-134ஏ என்னும் குளிர்பொருளின் வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் கசிந்தால் தரையோடு தேங்கி, மூச்சுக் காற்றை விலக்கிவிடும். இயந்திர அறைக்குள் பார்வையாளர்களை நாங்கள் அனுமதியாததற்கு இதுவே முதற்காரணம்.

மின்வெட்டும் வெள்ளமும்

மின்சாரம் திடீரென நின்றால் மேற்சொன்ன ஒழுங்குக்கு வாய்ப்பில்லை. கம்ப்ரசரும் பம்புகளும் ஒருசேர நின்றுவிடும். ஜெனரேட்டர் சில விநாடிகளில் உயிர்பெற்றாலும், முதற்சுமை உயிர்காக்கும் கருவிகளுக்கே. அதன்பின் பம்புகள், அதன்பின் சோதனைகள், இறுதியில் சில்லர். பெரிய மோட்டாரை அடுத்தடுத்துத் தொடக்கினால் அதன் கம்பிச்சுருள் சூடேறிக் கருகக்கூடும் என்பதால், இரு தொடக்கங்களுக்கிடையே கட்டாய இடைவெளியும் உண்டு. விளக்கு எரிந்து அரைமணி கழித்தும் குளிர் வராதிருப்பது அலட்சியத்தால் அன்று.

2015 டிசம்பர் 1-ஆம் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளைச் சூழ்ந்தது. மணப்பாக்கத்தில் ஆற்றையொட்டிய பெரிய மருத்துவமனை ஒன்றில் ஜெனரேட்டர்கள் செயலிழந்து, நோயாளிகள் பிற மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். மின்பொறிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன, எப்போது நிறுத்தப்படுகின்றன என்பவை உயிரோடு தொடர்புடைய கேள்விகள் என அவ்வெள்ளம் நகருக்கு உணர்த்தியது. நீர் வருமுன் முறையாக நிறுத்தி மின்சாரம் துண்டித்த இயந்திரத்தை உலர்த்திச் சோதித்து மீட்க வாய்ப்புண்டு. ஓடும்போதே மூழ்கிய இயந்திரத்துக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஆகையால் கனமழை எச்சரிக்கை நாள்களில் சில பகுதிகளின் குளிரூட்டலை நாங்கள் முன்கூட்டியே நிறுத்த நேரலாம்.

தேங்கிய நீரும் கிருமியும்

1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் மாநாட்டுக்குக் கூடியவர்களிடையே கடும் நிமோனியா பரவி, ஏறத்தாழ 30 பேர் இறந்தனர். பின்னர் கண்டறியப்பட்ட அக்கிருமிக்கு லெஜியோனெல்லா என்று பெயர். வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் அது பெருகும். நுண்துளிகளாக மூச்சில் கலந்தால் நோய் தரும். முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சையிலிருப்போர், உறுப்பு மாற்றம் பெற்றோர் ஆகியோருக்கு இடர் மிகுதி. எனவே, பல நாள் நின்ற கூலிங் டவரை வெறுமனே இயக்குவதில்லை. வடித்து, கழுவி, கிருமிநீக்கம் செய்த பின்னரே இயக்குகிறோம். வார்டுக்கு வரும் காற்றைக் குளிர்விக்கும் நீர் மூடிய குழாய்களில் ஓடுவது; டவரின் நீரோடு அது கலப்பதில்லை.

டவரில் நீர் தொடர்ந்து ஆவியாகிறது. முழுச்சுமையில் ஒரு டன்னுக்கு மணிக்கு ஏறத்தாழ 6 முதல் 7 லிட்டர் குறையும். 200 டன் இயந்திரம் ஒன்பது மணி நேரத்தில் ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீரைக் குடித்துவிடும். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். தேவையற்ற குளிரைக் குறைப்பது தண்ணீரைச் சேமிப்பதுமாகும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• குளிரூட்டல் குறைந்த வேளையில் சன்னல்களைத் திறக்க வேண்டாம். ஈரக்காற்று புகுந்து குளிர்ந்த பரப்புகளில் நீர்த்துளிகள் படியும்.

• மேசை விசிறியைச் செவிலியரின் அனுமதியின்றிக் கொண்டுவர வேண்டாம். அது தூசியையும் கிருமிகளையும் பரப்பக்கூடும்.

• காற்று வரும் துளைகளைத் துணியாலோ காகிதத்தாலோ அடைக்க வேண்டாம். குளிர் மிகுதியானால் சொல்லுங்கள்; குறைத்துத் தருவோம்.

• புழுக்கமாக இருக்கிறதென்று நோயாளிக்குக் கூடுதல் நீர் கொடுக்குமுன் செவிலியரைக் கேளுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு நீரளவு வரையறுக்கப்பட்டிருக்கலாம்.

• இன்சுலின் போன்ற மருந்துகளை நீங்களே வைத்திருந்தால், முன்கூட்டியே செவிலியரிடம் ஒப்படையுங்கள்.

• நோயாளிக்கு மூச்சுத் திணறல், குழப்பம், அளவுக்கு மீறிய சோர்வு தோன்றினாலோ, குழந்தையின் உடல் சுட்டாலோ காத்திராமல் அழைப்பு மணியை அழுத்துங்கள்.

• கூரையிலிருந்து நீர் சொட்டினாலும், இயந்திர அறைப் பக்கம் எச்சரிக்கை மணி ஒலித்தாலும் அருகிலுள்ள பணியாளரிடம் தெரிவியுங்கள். நீங்களே சென்று பார்க்க வேண்டாம்.

பராமரிப்பை இயன்றவரை இரவிலும், அறுவைச் சிகிச்சைகள் குறைந்த நாள்களிலும் வைத்துக்கொள்கிறோம். அடுத்த முறை அறிவிப்பைக் காணும்போது, எவ்வளவு நேரம் ஆகும், உங்கள் நோயாளிக்கு மாற்று ஏற்பாடு வேண்டுமா என்பனவற்றைத் தயங்காமல் கேளுங்கள். தேவைப்படுவோரை வேறு அறைக்கு மாற்ற, பணி தொடங்குமுன் கேட்பதே எங்களுக்கு எளிது.