பட்டில் நெய்த தோட்டம்

எங்கள் இரவு வகுப்புக்கு ஓர் அண்ணன் வருகிறார். மைசூருவில் ஒரு கடையில் வேலை. அரண்மனை பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்குக் கம்பளம் விரித்துக் காட்டுவார். ஒருநாள் கேட்டார்: "காலால மிதிக்கிற பொருளுக்கு லட்ச ரூபாயா தம்பி?"

நல்ல கேள்வி. பதில் முடிச்சில் இருக்கிறது.

சேலைக்குப் பாவும் ஊடையும் போதும். கம்பளத்துக்கு முடிச்சும் வேண்டும். தறியில் பாவு நூல்களை இழுத்துக் கட்டுவார்கள். இரண்டு பாவு நூலைச் சேர்த்து, வண்ண நூலால் ஒரு முடிச்சு. மிச்ச நூலைக் கத்தியால் அறுப்பார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைக் கோத்து, சீப்பு போன்ற கருவியால் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் மேலே நீட்டி நிற்கும் நூலைச் சமமாகக் கத்தரிப்பார்கள்.

இதில் பேர்போன நாடு பாரசீகம். இன்றைய ஈரான். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே காஷான் நகரில் முழுக்கப் பட்டிலேயே கம்பளம் நெய்தார்கள். அந்தக் காலத்து அர்தபில் கம்பளம் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. நெய்து முடித்த ஆண்டு 1539-40. நீளம் சுமார் பத்தரை மீட்டர். பாவும் ஊடையும் பட்டு, முடிச்சு கம்பளி. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 340 முடிச்சு! ஒரு சதுர அடிக்கு எத்தனை? 144-ஆல் பெருக்குங்கள். 48,960. ஒருவர் நாளுக்கு 8,000 முடிச்சுப் போட்டாலும், ஒரு சதுர அடிக்கு ஆறு நாளுக்கு மேல் ஆகும்.

பாரசீகத்தில் வறண்ட நிலம் அதிகம். அதனால் தோட்டம் என்றால் அவர்களுக்கு உயிர். கம்பளத்திலும் தோட்டம்தான். நான்கு வாய்க்கால், நடுவில் குளம், சுற்றிலும் மரம், பூ, பறவை. வேறு சிலவற்றில் நடுவில் பெரிய பூவட்டம், நான்கு மூலையிலும் அதில் கால்பங்கு. தொழுகை விரிப்பில் வளைவு வாசல் இருக்கும். இன்னொரு வடிவத்துக்குப் 'போத்தே' என்று பெயர். நுனி வளைந்திருக்கும். நம் அம்மாக்களின் சேலைக் கரையில் பாருங்கள். அதைத்தான் நாம் மாங்காய் என்கிறோம்!

காஷ்மீரிலும் பட்டுக் கம்பளம் நெய்கிறார்கள். அங்கே முழுப் படத்தைப் பார்த்து நெய்வதில்லை. எந்த நிறம், எத்தனை முடிச்சு என்று குறியீடுகளால் ஒரு தாளில் எழுதிவைப்பார்கள். அதன் பெயர் தாலிம். ஒருவர் அதை உரக்கப் படிக்க, மற்றவர்கள் முடிச்சுப் போடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். கம்பளத்தையும் படிக்கத் தெரிய வேண்டியிருக்கிறது!

ஒரு கசப்பும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் பதோகி, மிர்சாப்பூர் பக்கம் கம்பளத் தறிகளில் சிறுவர்களை உட்கார வைத்தார்கள். சின்ன விரல்தான் நல்ல முடிச்சுப் போடும் என்று கதை சொன்னார்கள். அது பொய். தேர்ந்த நெசவாளர்கள் பெரியவர்களே. குழந்தைகள் நெய்யாத கம்பளத்துக்கு 'ரக்மார்க்' முத்திரை 1994-இல் வந்தது. பிறகு அதன் பெயர் 'குட்வீவ்' என்று மாறியது.

ஏமாற்றும் உண்டு. 'ஆர்ட் சில்க்' என்றால் கலைப்பட்டு அல்ல, செயற்கைப் பட்டு. ஒரு நூலை எரித்துப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும். காகிதம் எரியும் வாடை வந்தால் அது பட்டு இல்லை.

மறுநாள் அண்ணன் கடையில் ஒரு கம்பளத்தைத் திருப்பிப் போட்டு, அடிக்கோல் வைத்து எண்ணியிருக்கிறார். வகுப்புக்கு வந்ததும் கரும்பலகையில் எழுதினார். அகலம் ஓர் அங்குலத்தில் 18, நீளத்தில் 18. பெருக்கினார். 324.

"லண்டன் கம்பளத்துக்கு 16 தான் குறைச்சல், தம்பி" என்று சிரித்தார்.